ஜாலிச் சுவருக்கும் எடை உண்டு: வரைபடத்தில் கையொப்பமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

கட்டிடக் கலைஞர்களுக்கும் கட்டமைப்புப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

அண்மையில் ஒரு பள்ளிக் கட்டிடத்தை ஆய்வு செய்யப் போயிருந்தேன். நிலநடுக்கம் வந்தால் தாங்குமா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். தூண், பீம், அஸ்திவாரம் எல்லாவற்றுக்கும் பழைய டிராயிங் பத்திரமாக இருந்தது. கணக்கும் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இரண்டாம் தளத்தில் மாடிப்படியை ஒட்டிய நடைபாதையின் ஓரமாக, இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சிமென்ட் ஜாலிக் கற்களால் ஒரு சுவர். பூ வடிவத் துளைகள் கொண்ட அலங்காரக் கற்கள், ஒன்றின் மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் அடுக்கியவை. மேல் வரிசைக் கல் ஒன்றில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினேன். அசைந்தது. மூட்டிலிருந்த கலவை மாவு மாதிரி உதிர்ந்து என் சட்டைக் கையில் விழுந்தது. சுவரின் தலையைப் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. இரு முனையிலும் தூணோடு அதை இணைத்தது வெறும் பூச்சு. அந்தப் பூச்சிலும் மேலிருந்து கீழ் வரை மயிரிழை விரிசல்.

கீழே பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாக நிற்கும் முற்றம்.

கட்டமைப்பு டிராயிங்கில் அந்த இடத்தில் ஒரே வரிதான்: "அலங்கார ஜாலி, கட்டிடக் கலைஞரின் விவரப்படி." கட்டிடக் கலைஞரின் தாளைப் புரட்டினால், "பொருத்தும் முறைக்குக் கட்டமைப்பு டிராயிங்கைப் பார்க்கவும்." இரண்டு தாளும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்தன. நடுவில் அந்தச் சுவரை ஒருவரும் கணக்கிடவில்லை. நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அதே வரியைப் பல தாள்களில் எழுதியிருக்கிறேன். அந்தச் சுவர்கள் எப்படி நிற்கின்றன என்ற யோசனையில் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நாம் எல்லோரும் சொல்லிப் பழகிய ஒரு சொல் இருக்கிறது: "பாரம் தாங்காத சுவர்." மேலிருந்து எந்தச் சுமையும் இதன் மேல் இறங்கவில்லை, ஆகவே கணக்குத் தேவையில்லை என்று பொருள் கொள்கிறோம். நிலநடுக்கத்தில் சுவருக்குச் சுமை மேலிருந்து வருவதில்லை. அதன் சொந்த எடைதான் பக்கவாட்டில் சுமையாகிறது. தரை நகர்கிறது, சுவர் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. எவ்வளவு எடையோ அவ்வளவு இழுப்பு.

எடை எவ்வளவு என்று பார்ப்போம். 10 செ.மீ. கனமுள்ள திடக் கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ. ஜாலியில் பாதி வெற்றிடம் என்றே வைத்துக்கொண்டாலும் 120 கிலோ. 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் நீளம் என்றால் 720 கிலோ. கண்ணுக்குப் பஞ்சு மாதிரி இலேசாகத் தெரிகிற பொருள் இது. விழும்போது துண்டுதுண்டாக, ஒவ்வொரு கல்லாக விழும்.

இனி அது எப்போது கவிழும் என்ற கணக்கு. தலையைப் பிடிக்க ஆளில்லாமல், கம்பியும் இல்லாமல், தன் எடையை மட்டும் நம்பி நிற்கிற சுவர் அடியில் ஆடத் தொடங்குவதற்கு வேண்டிய பக்கவாட்டு முடுக்கம், அதன் கனத்தை உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் பின்னம். 10 செ.மீ.க்கு 200 செ.மீ. என்றால் புவியீர்ப்பு முடுக்கத்தில் (ஜி) இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.05 ஜி. இந்தக் கணக்கில் எடை அடிபட்டுப் போய்விடுகிறது என்பதைக் கவனியுங்கள். கல்லின் எடையைக் கூட்டினால் சுவர் உறுதியாகிவிடாது. கனம், உயரம் இரண்டின் விகிதம்தான் பேசுகிறது. ஆடத் தொடங்கிய உடனே விழுந்துவிடும் என்று சொல்லவில்லை. சுவரின் தலை ஏறத்தாழ அதன் கனத்தளவு, இங்கே 10 செ.மீ., வெளியே போனால்தான் திரும்பி வராது. ஆனால் அப்படி ஆடும்போது மூட்டுகள் உதிர்ந்துவிடும். உதிர்ந்த பிறகு அது ஒரே சுவராக நிற்காது, அடுக்கி வைத்த கற்களாக நிற்கும்.

"கலவை இழுத்துப் பிடிக்குமே" என்பீர்கள். சாதாரண பிளாக் சுவரில் ஒரு கல் கீழே இரண்டு கற்களின் மேல் அமர்கிறது. மூட்டு மாற்றிக் கட்டுவதால் பிணைப்பு கிடைக்கிறது. ஜாலியில் வடிவம் ஒத்துவர வேண்டும் என்பதற்காக மூட்டுக்கு மேல் மூட்டாக நேரே ஏற்றுகிறோம். செங்குத்து மூட்டு அடி முதல் நுனி வரை ஒரே கோடு. ஒரு பத்தியும் பக்கத்துப் பத்தியும் கலவையால் ஒட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். அந்தக் கலவையும் கல்லின் விளிம்பில் மட்டும், விரல் அகலத்துக்கு. ஹாலோ பிளாக்கில் துளை வழியாகக் கம்பி இறக்கிக் கான்கிரீட் ஊற்றலாம்; ஜாலியின் துளையோ முகத்தில் திறந்து கிடக்கிறது. ஊற்ற வழியில்லை. இருக்கிற சுவர்களிலேயே மிகவும் பலவீனமான கட்டுமானத்தை, எந்தக் கணக்கும் இல்லாமல், ஆட்கள் நடமாடும் இடத்துக்கு மேலேயே ஏற்றி வைத்திருக்கிறோம்.

சைட்டில் அடிக்கடி கேட்கிற பதில்: "எத்தனை புயலைப் பார்த்த சுவர், ஒன்றும் ஆகவில்லையே." உண்மையாக இருக்கலாம். காற்றின் அழுத்தம் முகப்பரப்பைப் பொறுத்தது. ஜாலியின் துளைகள் வழியாகக் காற்றின் ஒரு பகுதி போய்விடுகிறது. நிலநடுக்க விசை எடையைப் பொறுத்தது. அது துளை வழியாகப் போகாது. புயலில் நின்றது நிலநடுக்கத்துக்குச் சான்றாகாது. வாடிக்கையாளரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். சொன்னால் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

இதெல்லாம் கற்பனை ஆபத்து என்று எண்ணுகிறவர்களுக்கு ஜப்பானின் கதை போதும். 1978 ஜூன் 12 அன்று மியாகி கடலோரத்தில் 7.4 அளவு நிலநடுக்கம். இறந்தவர்கள் 28 பேர். அதில் 18 பேர் பிளாக் சுவரோ வாயில் தூணோ சரிந்து இறந்தவர்கள். வீடு விழுந்து செத்தவர்களைவிட வேலி விழுந்து செத்தவர்கள் அதிகம். 1981இல் அந்நாட்டு விதிகள் இறுகின. பிளாக் சுவர் 2.2 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கனம் 15 செ.மீ.; 2 மீட்டருக்குள் என்றால் 10 செ.மீ. போதும். குறுக்கும் நெடுக்குமாக 80 செ.மீ.க்குள் ஒரு 9 மி.மீ. கம்பி. 1.2 மீட்டரைத் தாண்டினால் 3.4 மீட்டருக்கு ஒரு தாங்குசுவர், அது சுவரின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது வெளியே நீண்டிருக்க வேண்டும். ஜாலிக் கற்களைப் பற்றியும் அங்கே ஒரு வழிகாட்டுதல் உண்டு: அவற்றை அடுத்தடுத்து வைக்காதீர்கள், இடையிடையே ஒவ்வொன்றாகப் பதியுங்கள், இல்லாவிட்டால் கம்பி போக வழியிருக்காது. நாமோ ஜாலியை மட்டுமே வைத்து முழுச் சுவரும் கட்டுகிறோம்.

விதி இருந்தும் என்ன நடந்தது? 2018 ஜூன் 18, காலை 8 மணிக்குச் சற்று முன்பு ஒசாகாவின் வடபகுதி குலுங்கியது. தகாத்சுகி நகரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த பிளாக் சுவர் தெருப்பக்கமாகச் சரிந்தது. பள்ளிக்கு வந்துகொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி அதன் கீழ் அகப்பட்டு இறந்தாள். 1.9 மீட்டர் அடிச்சுவரின் மேல் எட்டு வரிசை பிளாக், 1.6 மீட்டர். மொத்தம் 3.5 மீட்டர். தாங்குசுவர் இல்லை. அடிச்சுவரையும் பிளாக்கையும் இணைத்த கம்பிகளின் நீளம் போதவில்லை, துருவும் பிடித்திருந்தது. இதில் என்னை உலுக்குவது வேறு. சுவர் ஆபத்தானது என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு வல்லுநர் சொல்லியிருந்தார். தகுதி பெறாத ஊழியர்கள் வந்து தட்டிப் பார்த்து, குறையில்லை என்று போய்விட்டார்கள். தட்டினால் கல் பேசும். உள்ளே இருக்கும் கம்பியின் நீளம் பேசாது.

சரி, கட்டி முடித்த ஜாலிச் சுவரை என்ன செய்வது? இடிப்பது ஒரு வழி. உயரத்தைக் குறைப்பது இன்னொரு வழி, அதிகம் பேர் யோசிக்காத நல்ல வழி: இரண்டு மீட்டரை ஒரு மீட்டராக்கினால் அடியில் வரும் வளைவு, அதாவது சுவரை வளைத்துக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை, நான்கில் ஒன்றாகிறது. சுவர் இருந்தபடியே இருக்க வேண்டும் என்றால் அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சைட்டில் பார்க்கிற முட்டுகளில் பாதி கண்துடைப்பு.

முன்பு சொன்ன அதே சுவரை எடுத்துக்கொள்வோம். 0.4 ஜி விசைக்கு வடிவமைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 48 கிலோ பக்கவாட்டு விசை. தலை சும்மா இருந்தால் அடியில் மீட்டர் நீளத்துக்கு 96 கிலோ × மீட்டர் (விசை × தூரம்) வளைவு. சுவரின் சொந்த எடை எதிர்த்து நிற்பது வெறும் 12. எட்டில் ஒரு பங்கு! மீதி முழுவதும் அந்த விரலகலக் கலவையின் தலையில். இப்போது சுவரின் தலையை ஒரு பீமோடு பிடித்துவிட்டால் 96 என்பது 24 ஆகிறது. பாதி உயரத்தில் இன்னொரு பட்டையும் கொடுத்தால் 6. கலவைக்கு வரும் வேலை பதினாறில் ஒரு பங்கு. இரண்டே இரண்டு கிடைப் பட்டைகள் செய்கிற மாற்றம் இது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, தலைக்கு மேல் பிடித்துக்கொள்ள பீமோ ஸ்லாபோ இருக்கிறதா என்பது. இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பட்டையை ஒரு பக்கம் மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நிலம் இரு பக்கமும் ஆட்டும். முன்னும் பின்னுமாக எல் வடிவ இரும்பு ஆங்கிள் இரண்டு, நடுவில் சுவர், அல்லது பின்னால் ஆங்கிளும் முன்னால் தட்டையான இரும்புத் தகடும் வைத்து இடையே போல்ட். இந்த இடத்தில் ஜாலியே நமக்கு உதவுகிறது. போல்ட்டைக் கொண்டுபோகக் கல்லைத் துளைக்க வேண்டியதில்லை, பூவின் நடுவிலேயே வழி இருக்கிறது. துளையிடும் இயந்திரத்தின் அதிர்வில் பழைய கலவை இன்னும் உதிரும் என்பதால் இது பெரிய நன்மை. தகட்டுக்கும் கல்லுக்கும் இடையே ரப்பர் வையுங்கள். நட்டை வெறி கொண்டு முறுக்கினால் கல்லின் இதழ் உடைந்துவிடும், இறுகினால் போதும்.

கிடைப் பட்டையைத் தாங்கச் செங்குத்து இரும்புத் தூண் வேண்டும். அது செங்குத்து மூட்டுக்கு நேர் பின்னால் நின்றால் முன்பக்கம் தெரியாது. அழகு கெட்டுவிடும் என்று கவலைப்படும் கட்டிடக் கலைஞர்கள் இதை ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டுகிறேன். சுவரின் கோடுகளே தூணை மறைத்துவிடுகின்றன. கல் தனியாகத் தெறித்து விழாமல் இருக்க, பின்பக்கம் முழுவதும் துருப்பிடிக்காத வலை ஒன்றையும் சேர்த்துக் கட்டினால் நல்லது.

தூணின் தலையைப் பிடிக்க எதுவும் இல்லாத இடங்களில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. 1.5 மீட்டருக்கு ஒரு தூண் என்றால் ஒவ்வொன்றின் பங்குக்கு 144 கிலோ விசை, ஒரு மீட்டர் உயரத்தில். அடியில் 144 கிலோ × மீட்டர் வளைவு. தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டில் இரு பக்கப் போல்ட்டுகளுக்கும் இடையே 12 செ.மீ. இருந்தால் ஒரு பக்கம் 1,200 கிலோ இழுவிசை. இரண்டு போல்ட் பகிர்ந்தால் ஆளுக்கு 600 கிலோ. இதைத் தரையில் ஓடு பதிக்கப் போட்ட சன்னக் கான்கிரீட்டில் ஆணி இறக்கிச் சமாளிக்க முடியாது. ஓட்டையும் அடிக் கலவையையும் வெட்டி எடுத்து, உண்மையான ஸ்லாப் வரை இறங்கி, எபாக்சி பசை வைத்து ஆங்கர் போல்ட் போட வேண்டும். துளையைப் பிரஷ் போட்டு, காற்று ஊதிச் சுத்தம் செய்யாமல் எபாக்சி ஊற்றினால் போல்ட் தூசியோடு ஒட்டியிருக்கும், கான்கிரீட்டோடு அல்ல. கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, சுவர் நிற்பதும் விழுவதும் அந்தத் துளையில்தான் இருக்கிறது. சிலவற்றையாவது இழுத்துச் சோதியுங்கள். கொத்தனாரும் வெல்டரும் சொல்லிக் கொடுத்தால் மிக அக்கறையாகச் செய்கிறார்கள்; சொல்லிக் கொடுக்க நாம் சைட்டில் இருக்க வேண்டும்.

மேல் தளங்களில் விசை கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் ஏ.எஸ்.சி.இ. 7 என்ற கட்டிடச் சுமை விதிமுறையின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, இப்படிக் கட்டிடத்தோடு ஒட்டிய உறுப்புகளுக்குத் தரைமட்டத்தில் 1 என்று எடுக்கும் பெருக்கத்தைக் கூரை மட்டத்தில் 3 என்று எடுக்கிறது. தரையில் பரவாயில்லை என்று விட்ட அதே சுவர் மொட்டை மாடியில் மூன்று மடங்கு ஆபத்து.

இதற்கு நேர் எதிரான ஒரு தவறும் உண்டு: சுவரை அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டுவது. கட்டிடம் ஆடும்போது தூண்கள் சாயும். 3 மீட்டர் உயரத் தளம் ஒரு சதவீதம் சாய்ந்தால் மேலே 3 செ.மீ. நகர்வு. தூணுக்குத் தூண் இறுக்கிப் பொருத்திய ஜாலி அந்த நகர்வில் நொறுங்கும். பாதி உயரம் மட்டும் இறுக்கிக் கட்டியிருந்தால் இன்னும் மோசம். தூணின் மேல் பாதி மட்டுமே வளைய முடியும்; நீளம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. பக்கத்துத் தூண்கள் சும்மா இருக்க, விசை முழுவதும் அந்தக் குட்டைத் தூணைத் தேடி வரும். அலங்காரம் கட்டிடத்தையே உடைக்கிற இடம் இது. ஆகவே பக்கங்களில் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி விட்டு மென்மையான நுரைப் பட்டையால் அடையுங்கள். ஆங்கிள்கள் சுவரை முன்பின் விழாமல் பிடிக்கட்டும், நீளவாக்கில் வழுக்க விடட்டும். சுவரின் தலைக்கும் பீமுக்கும் நடுவிலும் சிறு இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பீம் தொய்ந்து ஜாலி சுமை தாங்கத் தொடங்கிவிடும்.

புதிதாகக் கட்டுவோருக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு. ஃபிராங்க் லாயிட் ரைட் 1924இல் லாஸ் ஏஞ்சலிஸில் எனிஸ் இல்லத்தை வடிவக் கான்கிரீட் பிளாக்குகளால் கட்டினார். கல்லின் விளிம்புகளில் பள்ளம் விட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி ஓட்டி, துணி நெய்வதுபோல் இணைத்தார். எண்ணம் அருமையானது. ஆனால் மெல்லிய கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் அந்த வீடு சேதமடைந்தது. ஜாலிக்குள் ஓட்டும் கம்பி துருப்பிடிக்காததாகவோ கால்வனைஸ் செய்ததாகவோ இருக்கட்டும். அளவான பலகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கான்கிரீட் சட்டத்துக்குள் கட்டுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். "அலங்கார ஜாலி" என்று எழுதும் தாளிலேயே அதன் எடை, பிடிப்பு, போல்ட், இடைவெளி எல்லாவற்றையும் வரையுங்கள். யார் கணக்கிடுவது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி, அந்தப் பெயரைத் தாளில் எழுதுங்கள். கட்டமைப்புப் பொறியாளர் எடுத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. ஏற்கெனவே நீங்கள் கையொப்பமிட்ட பழைய கட்டிடங்களின் பட்டியலை எடுங்கள். மாடிப்படி, வெளியேறும் வாயில், பள்ளி நடைபாதை, மருத்துவமனை வராந்தா: குலுங்கும்போது ஆட்கள் எந்த வழியாக ஓடுவார்களோ அங்கே நிற்கும் சுவர்களை முதலில் பாருங்கள். ஒரு ரசமட்டமும் தூக்குக்குண்டும் ஏணியும் போதும், ஒரு முற்பகலில் ஒரு கட்டிடத்தைப் பார்த்துவிடலாம். உரிமையாளருக்குக் கடிதம் எழுதுங்கள். நான் வரைந்தது, நான் விட்டுவிட்டேன், சரிசெய்து தருகிறேன் என்று எழுதுவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. நான் இதுவரை ஏழு கடிதம் எழுதிவிட்டேன். ஐந்து பேர் பதில் போட்டார்கள், நான்கு இடங்களில் வேலை நடக்கிறது.

அந்தப் பள்ளியில் முற்றத்தின் அந்தப் பக்கத்தைக் கயிறு கட்டி அடைத்திருக்கிறோம். மேல் ஐந்து வரிசைகளைக் கழற்றியாயிற்று. கற்களில் ஒன்றுகூட உடையவில்லை. கரணையை மூட்டில் விட்டு நெம்பியதும் கையோடு வந்துவிட்டன. மீதியைத் தூண் நிறுத்தியபின் தொடுவோம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனான ஒரு கட்டமைப்புப் பொறியாளன்